கட்டணமில்லாக் கடற்கரை

சித்திரை பிறந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதும், தென்பாண்டிச் சீமையிலிருந்து சென்னைக்கு வரும் ரயில் வண்டிகளில் குழந்தைகளின் கூட்டம் பெருகிவிடுகிறது. சென்ற கோடையில் பொதிகை வண்டியில் அவ்விதம் வந்திறங்கியவர்களில் நமது உறவினர் குடும்பம் ஒன்றும் இருந்தது. அவர்களுக்கு ஊர் மகாராஜபுரம். வத்திராயிருப்பை அடுத்து, மேற்கு மலையின் அடிவாரத்திலுள்ள சிற்றூர். மழைக்காலத்தில் அங்கே ஓடைகளிலும் கால்வாய்களிலும் நீர் பெருகும். கோடையில் கிணறுகளே கதி. அவ்வூர்ச் சிறுவர்கள் பம்புசெட்டுக் கிணறுகளில் மேட்டிலிருந்து குதித்துக் குதித்தே நீந்தப் பழகியவர்கள். இதற்காக அவர்களிடம் இதுவரை எவரும் காசு கேட்டதில்லை.

ஆகவே, வந்த அன்றே அவர் நம்மிடம், “அண்ணாச்சி, பிள்ளைகள் தண்ணீரைப் பார்க்கவேண்டும் என்கிறார்கள். பட்டணத்திலே அதற்கு என்ன செலவாகும்?” என்று வினவியபொழுது, அக்கேள்வி நமக்கு விநோதமாகப் படவில்லை. நகரத்தின் புறத்தே செயற்கை அலைகளும் சறுக்குமரங்களும் அமைந்த கேளிக்கைத் தோட்டங்கள் இருக்கின்றன. ஐந்து பேருள்ள குடும்பம் ஒரு பகற்பொழுதை அங்கே கழிக்கவேண்டுமாயின், ஒரு தொழிலாளியின் பல நாட் கூலி அதற்கு வேண்டும். “தம்பி, சமுத்திரத்துக்கு டிக்கெட்டு இல்லை” என்று சொல்லி, மறுநாள் மாலை அவர்களை மெரினாவுக்கு அழைத்துச் சென்றோம். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்மக்களுக்குக் கட்டணம் கிடையாதாகையால், போக்குவரத்துச் செலவும் அற்பமே. தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலுக்கும் ராட்டினத்துக்கும் கொடுத்ததுதான் அன்றைய பெருஞ்செலவு.

கோடையில் இக்கடற்கரை சென்னைக்குச் செய்யும் உபகாரம் வெறும் வேடிக்கை மாத்திரமன்று. பகலில் நிலம் கடலைவிட விரைவில் சூடேறுகிறது. நிலத்தின்மேல் வெதும்பிய காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலின்மேலுள்ள குளிர்ந்த காற்று உட்புகுகிறது. மேல்காற்று வலுத்திருக்கும் நாட்களில் இக்கடற்காற்று தாமதிக்கும். அன்று நகரம் கொதித்துவிடும். 2003ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நுங்கம்பாக்கத்தில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. குளிர்சாதன யந்திரம் வைத்திருப்போர் கதவை அடைத்துக்கொள்வார்கள். தகரக் கூரையின் கீழும் ஒற்றை அறையிலும் வாழும் குடும்பங்கள் எங்கே போவார்கள்? மணலுக்குத்தான் வருகிறார்கள். நள்ளிரவிலும் அங்கே கைக்குழந்தைகளோடு படுத்திருப்பவர்களைக் கண்டவர்கள், இது உல்லாச ஸ்தலமென்று மட்டும் சொல்லத் துணியமாட்டார்கள்.

இம்மணற்பரப்பு நாம் நினைப்பதுபோல் ஆதிகாலந்தொட்டு இவ்வளவு விசாலமாக இருந்ததன்று. 1875ஆம் ஆண்டுவாக்கில் துறைமுகம் கட்டத் தொடங்கியபின், வடக்கு நோக்கிக் கடல் இழுத்துச்செல்லும் மணல் துறைமுகச் சுவரில் தடைப்பட்டுத் தெற்கே குவியலாயிற்று. கவர்னர் கிராண்ட் டப் 1884ஆம் ஆண்டில் இங்கே உலாவும் சாலை அமைத்து, தாம் இத்தாலியில் கண்ட கடலோர நகரங்களின் நினைவாக மெரினா என்று பெயரிட்டார். துரைமக்கள் காற்று வாங்குவதற்கென்று அமைந்த இடத்தைப் பொதுமக்கள் தமதாக்கிக்கொண்ட வரலாறு வேறு. 1920 ஆகஸ்டு 12ஆம் தேதி பிரஸிடென்ஸி காலேஜுக்கு எதிரிலுள்ள இம்மணலிலேதான் மகாத்மா காந்தி ஒத்துழையாமையைப் பற்றிப் பெருங் கூட்டத்தின்முன் பேசினார். எந்த மண்டபமும் கொள்ளாத ஜனத்திரளுக்கு வாடகை கேளாத இடம் இது ஒன்றே.

தெற்கே கொடுத்த அதே துறைமுகம் வடக்கே பறித்தது. மணல் வரத்து நின்றபடியால் ராயபுரம் முதலாகக் கரையைக் கடல் அரித்தது. கருங்கற்களைக் கொட்டித் தடுக்கவேண்டியதாயிற்று. நகரத்தின் உழைப்பாளர் நெருங்கி வாழும் வடசென்னைக்கு இன்று அலை உண்டு, அமர மணல் அரிது. மெரினாவின் அழகைப் பேசுவோர் இதனையும் நினைப்பது நலம்.

நிற்க. கடற்கரை யாருக்குச் சொந்தம்? காற்றும், ஓடும் நீரும், கடலும், கடற்கரையும் இயற்கையிலேயே மாந்தர் அனைவர்க்கும் பொது என்று ஜஸ்டினியன் சக்கரவர்த்தியின் சட்டத் தொகுப்பு கூறுகிறது. சட்டம் பயின்ற காலத்தில் பரீட்சைக்காக உருப்போட்ட இவ்வாசகத்தின் கொள்கையை, நமது சுப்ரீம் கோர்ட்டார் 1996ஆம் ஆண்டில் கமல்நாத் வழக்கில் இந்நாட்டுச் சட்டமாகவே ஏற்றுக்கொண்டனர். இமாசலத்தில் பியாஸ் நதிக்கரையைப் பற்றிய வழக்கு அது. இத்தகைய செல்வங்களுக்குச் சர்க்கார் தர்மகர்த்தாவாவார் என்பது தீர்ப்பின் சாரம். தர்மகர்த்தா சொத்தை விற்காமலிருந்தால் மட்டும் போதுமா? விளக்கேற்றாமல், கூரை ஒழுகவிட்டு, “கோவிலுக்குக் கட்டணமில்லையே” என்று சொல்லும் தர்மகர்த்தாவை எந்தக் கோர்ட்டு மன்னிக்கும்?

அன்று மாலை நமக்கே ஒரு பாடம் கிடைத்தது. உறவினரின் மூத்த பையனுக்கு வயது பதினான்கு. “ஐம்பதடிக் கிணற்றிலே மூழ்கிக் கல் எடுப்பவன், பெரியப்பா!” என்று தம்பிமார்கள் பெருமை பேசிக்கொண்டிருக்கையிலேயே அவன் அலையில் இறங்கிவிட்டான். மெரினாவில் கரை சட்டென்று சரிந்து ஆழமாகிறது. கரைமீது ஏறிய நீர் திரும்பியோடும் வேகம் காலடி மணலையே பறித்துவிடும். கிணற்று நீர் நின்ற நீர்; அது ஆளை இழுப்பதில்லை. இரண்டாவது அலையில் பையனைக் காணோம். பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த மீனவ இளைஞர் ஒருவர் பாய்ந்து, தலைமயிரைப் பற்றி இழுத்து வந்தார். நாம் கொடுக்கப்போன பணத்தை அவர் வாங்கவில்லை. “ஊர்ப் பிள்ளைகள்தாங்க இப்படி மாட்டிக்கொள்கிறார்கள், நீச்சல் தெரியாதவன் பயந்து தள்ளி நிற்பான்” என்றார். இவ்வளவு நுட்பமாக எந்த எச்சரிக்கைப் பலகையிலும் எழுதக் கண்டதில்லை.

2024 அக்டோபர் 6ஆம் தேதியை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். விமானப் படையின் சாகசக் காட்சியைக் காண லட்சக்கணக்கான ஜனங்கள் குடும்பங்களோடு மெரினாவில் கூடினர். காட்சிக்குக் கட்டணம் இல்லை. உச்சி வெயிலில் நிழலின்றி, கையிலிருந்த தண்ணீர் தீர்ந்து, திரும்பும் வழியும் நெருக்கடியில் அடைபட்டு, பலர் மயங்கி விழுந்தனர், ஐவர் உயிரிழந்தனர். அது அக்கினி நட்சத்திரமும் அன்று, புரட்டாசி மாதம். குடிநீரும் நிழலும் போக்குவரத்து ஒழுங்கும் இல்லாத இலவசத்துக்கு ஏழைகள் கொடுத்த விலை அது.

செய்ய முடியாத காரியமா இது? காணும் பொங்கலன்று போலீஸார் அலையோரத்தில் தடுப்பு கட்டுகிறார்கள். குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் டெலிபோன் எண் எழுதிய பட்டை கட்டுகிறார்கள். தையில் ஒரு நாள் செய்வதைச் சித்திரை வைகாசியில் அறுபது நாள் செய்யலாகாதா? சக்கர நாற்காலியில் வருவோர் அலையருகே செல்ல 2022 நவம்பரில் மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது, மறுபடி செப்பனிட்டார்கள். மனமிருந்தால் புயலுக்குப் பிறகும் வேலை நடக்கிறது.

பாரிஸ் நகரத்தாருக்குக் கடல் கிடையாது. 2002 முதல் அவர்கள் கோடைதோறும் ஸீன் நதிக்கரையில் சாய்வு நாற்காலிகள் போட்டுக் கட்டணமின்றி மக்களை உட்காரவைக்கின்றனர். 1923 முதல் குளிக்கத் தடை செய்யப்பட்டிருந்த அந்நதியைச் சுமார் 140 கோடி யூரோ செலவில் தூய்மைப்படுத்தி, 2025 ஜூலையில் மூன்று இடங்களில் இலவசமாக நீந்தவும் விட்டனர். நமக்குக் கடல் தானாகவே வாய்த்திருக்கிறது. அதன் பக்கத்திலேயே கூவத்தையும் கொண்டுவந்து விட்டிருக்கிறோம்! கூவம் சீர்ப்படும்வரை குடிநீரும் காத்திருக்கவேண்டியதில்லை.

நாம் கேட்பது சொற்பமே. சாலையோரம் நெடுகிலும் நிழற்பந்தல், குழாய்த் தண்ணீர், பெண்கள் அச்சமும் அருவருப்புமின்றிச் செல்லத்தக்க கழிப்பிடங்கள், இரவு பத்து மணி வரை விளக்கோடு, கரைக்குப்பத்து மீனவ இளைஞர்களையே நியாயமான சம்பளத்தில் மேலும் அதிகமாக அமர்த்தி, அபாயமான இடங்களில் செங்கொடி. குப்பத்தாருக்கு அக்கரை தொழிற்களமாகையால், அவர்கள் படகும் வலையும் வைக்கும் இடத்தை அழகின் பெயரால் பறிக்கலாகாது. வடசென்னைக் கரையில் கல் கொட்டிய இடங்களிலும் குடும்பங்கள் மாலையில் அமரத்தக்க மேடைகள் அமைக்கவேண்டும்.

கார்ப்பொரேஷனின் வரவுசெலவுத் திட்டம் மாசி பங்குனியில் மன்றத்தின்முன் வருவது வழக்கம். கோடைக்காலக் கடற்கரைக்கென்று அதில் தனித் தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு வார்டிலும் உள்ள வாக்காளர்கள் தங்கள் கவுன்சிலரை இப்பொழுதே கேட்பார்களாக. மகாராஜபுரத்துப் பையன் வருகிற சித்திரையிலும் வருவதாகக் கடிதம் எழுதியிருக்கிறான்.