84 கிராமங்கள், ஒரே கோத்திரம்: பாலியான் ஜாட்டுகள் வளர்ந்ததும் பிளந்ததும்

புதுதில்லி: தில்லி எல்லையில் 2020-21-ல் ஓராண்டுக்கு மேல் நீடித்த விவசாயிகள் போராட்டத்தின்போது நாடு முழுவதும் அறிமுகமான பெயர் ராகேஷ் டிகைத். அவர் ஒரு சங்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவர் என்பது பலருக்கும் தெரியும். அச்சங்கத்தின் பின்னால் கோத்திரம் ஒன்றின் வலிமை இருப்பதும், அதன் தலைமை அவரது குடும்பத்தில் பரம்பரையாக இருந்து வருவதும் தெற்கே அவ்வளவாக அறியப்படாதவை.

மேற்கு உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தில் உள்ள சிசௌலி கிராமம்தான் பாலியான் ஜாட்டுகளின் தலைமையிடம். இக்கோத்திரத்தார் 84 கிராமங்களுக்கு உரியவர்கள் என்பது மரபு. வட இந்தியாவில் கிராமத் தொகுதிகளைக் குறிக்க வழிவழியாக வழங்கும் எண்ணிக்கை இது. இத்தொகுதிக்கு 'காப்' என்று பெயர். அதன் தலைவர் 'சௌத்ரி'. அங்கு வாழும் பிற சாதியினரும் காப் எல்லைக்குள் அடங்கியவர்களாகவே கருதப்படுகின்றனர்.

மேய்ச்சலிலிருந்து உழவுக்கு...

எட்டாம் நூற்றாண்டில் அரேபியர் சிந்துவைக் கைப்பற்றிய வரலாற்றைக் கூறும் 'சச்நாமா' நூலில் ஜாட்டுகள் குறிப்பிடப்படுகின்றனர். பதினோராம் நூற்றாண்டில் இந்தியா பற்றி எழுதிய அல்பெரூனி, அவர்களைக் கால்நடை வளர்ப்போர் என்கிறார். ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் அக்பர் காலத்து 'ஐன்-இ-அக்பரி'யில் அவர்கள் பல பர்கானாக்களில் நிலவுரிமை பெற்ற சாதியாகப் பதிவாகியுள்ளனர். சிந்துவின் மேய்ச்சல் மக்கள் வடக்கும் கிழக்கும் பரவி, பஞ்சாபிலும் யமுனைக் கரையிலும் உழவர்களாக நிலைகொண்டனர் என வரலாற்றாசிரியர் இர்பான் ஹபீப் விளக்குகிறார்.

இப்பரவல் மத எல்லைகளுக்கும் நாட்டு எல்லைகளுக்கும் கட்டுப்படவில்லை. சீமா, பாஜ்வா போன்ற ஜாட் குலப் பெயர்கள் இந்தியாவில் சீக்கியரிடமும் பாகிஸ்தானில் முஸ்லிம்களிடமும் காணப்படுகின்றன. முசாபர்நகர் வட்டாரத்திலேயே 'மூலே ஜாட்' எனப்படும் முஸ்லிம் ஜாட்டுகள் உள்ளனர். மாலிக் என்னும் கத்வாலா கோத்திரம் ஹரியாணாவின் சோனிபட் முதல் உத்தரப் பிரதேசத்தின் ஷாம்லி வரை யமுனையின் இரு கரையிலும் பரந்து கிடக்கிறது. அண்டை பாக்பத் மாவட்டத்தில் பரௌத் பகுதி தோமர்களுடையது. 1857-ல் ஆங்கிலேயரை எதிர்த்து மடிந்த ஷா மல் அவ்வழி வந்தவர். பாலியான்களோ ஒரே நிலப்பரப்பில் நெருங்கி வாழ்பவர்கள். அந்த நெருக்கமே அவர்களது அரசியல் பலம்.

காப் அமைப்பு மிகத் தொன்மையானது என்று பாலியான்கள் நம்புகின்றனர். சோரோன் கிராமத்தில் பாதுகாக்கப்பட்ட ஆவணங்களைக் கொண்டு எம்.சி. பிரதான் 1966-ல் வெளியிட்ட ஆய்வு நூல் அந்நம்பிக்கைக்கு வலுச் சேர்த்தது. ஆனால் அந்த ஆவணங்கள் சொல்லும் தொன்மையைப் பிற்கால வரலாற்றாளர்கள் ஐயத்துடனேயே பார்க்கின்றனர்.

மின்கட்டணம் தந்த தலைவர்

1935-ல் பிறந்த மகேந்திர சிங் டிகைத், தந்தை மறைந்தபோது எட்டு வயதிலேயே காப் தலைவரானார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக சிசௌலிக்கு வெளியே அவர் பெரிதாக அறியப்படவில்லை. 1987-ன் தொடக்கத்தில் மின்கட்டண உயர்வை எதிர்த்து ஷாம்லி அருகே கர்முகேரா துணை மின்நிலையத்தை விவசாயிகள் முற்றுகையிட்டனர். மார்ச் 1-ம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த விவசாயிகளில் ஒருவர் இந்து, மற்றொருவர் முஸ்லிம். 'ஹர ஹர மகாதேவ்', 'அல்லாஹு அக்பர்' என்னும் இரு முழக்கங்களும் பாரதிய கிசான் யூனியன் கூட்டங்களில் சேர்ந்து ஒலித்தன.

1988-ன் தொடக்கத்தில் மீரட் முற்றுகை, அதே ஆண்டு அக்டோபரில் தில்லி போட் கிளப் முற்றுகை என இயக்கம் வளர்ந்தது. லட்சக்கணக்கான விவசாயிகள் மாட்டு வண்டிகளுடனும் டிராக்டர்களுடனும் தலைநகரின் நடுவே ஒரு வாரம் தங்கினர். கிராமத்துக்கு இத்தனை ஆட்கள், இவ்வளவு தானியம் என முறைவைத்து அனுப்ப காப் அமைப்பு கைகொடுத்தது. 1989-ல் போபாவில், கடத்தப்பட்ட ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு நீதி கேட்டு டிகைத் கங்கைக் கால்வாய்க் கரையில் வாரக்கணக்கில் தர்ணா நடத்தினார்.

2013: உடைந்த உறவு

டிகைத் 2011 மே 15-ம் தேதி காலமானார். மூத்த மகன் நரேஷ் டிகைத் காப் தலைவரானார். 2013 ஆகஸ்ட் 27-ம் தேதி கவால் கிராமத்தில் ஒரு முஸ்லிம் இளைஞரும் இரண்டு ஜாட் இளைஞர்களும் கொல்லப்பட்டனர். செப்டம்பர் 7-ம் தேதி நங்லா மந்தௌரில் நடந்த மகாபஞ்சாயத்தில் கிசான் யூனியன் தலைவர்களும் கலந்துகொண்டனர். அதைத் தொடர்ந்து பரவிய கலவரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலும் முஸ்லிம்களான சுமார் 50,000 பேர் வீடிழந்தனர். டிகைத்தின் நெடுநாள் தோழர் குலாம் முகமது ஜௌலா சங்கத்தை விட்டு விலகினார்.

அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் பாரதிய ஜனதா வேட்பாளர் சஞ்சீவ் பாலியான் முசாபர்நகரில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2019-ல் அஜித் சிங்கை அவர் தோற்கடித்த வித்தியாசம் 6,526 வாக்குகளே. 2021 ஜனவரி 28-ம் தேதி இரவு காஜிபூரில் ராகேஷ் டிகைத் கண்ணீர் விட்டதற்கு மறுநாள் முசாபர்நகரில் கூடிய மகாபஞ்சாயத்தில் ஜௌலாவும் மேடையேறினார். அதே ஆண்டு செப்டம்பர் 5-ம் தேதி பழைய இரு முழக்கங்களும் அந்நகரில் மீண்டும் ஒலித்தன. நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களும் ரத்தாயின. 2024-ல் சஞ்சீவ் பாலியானை சுமார் 24,000 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தவர் சமாஜவாதியின் ஹரேந்திர மாலிக், அவரும் ஜாட்டே.

திருமணமும் சட்டமும்

கோத்திரத்தின் மறுபக்கம் திருமணத்தில் தெரிகிறது. தந்தை கோத்திரத்திலும் தாய் கோத்திரத்திலும் மணம் கூடாது என்பது வழக்கம். 84 கிராமங்களும் ஒரே குடும்பம் என்றால், அங்குள்ள பாலியான் ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கையே. 1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமோ ஒரே கோத்திரத் திருமணத்தைத் தடை செய்யவில்லை. சட்டத்தைத் திருத்தக் கோரி 2010-ல் ஹரியாணா காப்கள் குரல் எழுப்பின. மீறிய இணைகள் கொல்லப்பட்ட வழக்குகளும் அம்மாநிலத்தில் உண்டு.

தமிழகத்திலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், காப் பஞ்சாயத்தையும் தமிழகத்தின் கட்டப் பஞ்சாயத்தையும் ஒன்றாக வைத்துப் பேசி, இரண்டுமே சட்டவிரோதம் என்றது. வயது வந்த இருவரின் திருமணத்தில் காப் தலையிட உரிமையில்லை என்று 2018 மார்ச்சில் மீண்டும் உறுதிப்படுத்தியது.

மின்கட்டணத்துக்காக அரசைப் பணியவைத்த அதே கட்டமைப்புதான் மகளின் மணத்தையும் தீர்மானிக்க முனைகிறது. வாரிசு முறையில் தலைமை, சபையில் பெண்களுக்கு இடமின்மை ஆகியவை அதன் குறைகள். ஆயினும் கரும்பு விலைக்கும் மின்சாரத்துக்கும் போராட ஆயிரமாயிரம் பேரை ஒரே இரவில் திரட்ட வல்ல வேறு அமைப்பு அப்பகுதியில் உருவாகவில்லை. அந்த இடம் காலியாக உள்ளவரை, சிசௌலியின் சொல்லுக்கு எல்லாக் கட்சிகளும் காது கொடுத்தே தீர வேண்டியிருக்கும்.