தண்டவாளம் போனாலும் தடம் இருக்கு!

ரயில் தண்டவாளத்தில் நடக்கலாமா? கூடவே கூடாது! ரயில் ஓடும் பாதையில் நடப்பது ஆபத்து; சட்டப்படி குற்றமும்கூட. ஆனால், ரயில் ஓடிய ஒரு பாதையில் 386 கிலோமீட்டர் தூரத்துக்கு தினமும் ஆட்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். சில இடங்களில் குதிரையில்கூட போகிறார்கள். யாரும் விசில் அடித்து விரட்டுவதில்லை. ஏன் தெரியுமா குட்டீஸ்? அங்கே இப்போது தண்டவாளமே இல்லை!

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இருக்கும் இதற்குப் பெயர் 'கேட்டி' பாதை. மிசௌரி-கான்சாஸ்-டெக்சாஸ் என்ற ரயில் கம்பெனியின் பெயரை மக்கள் சுருக்கி 'கே.டி.' என்று கூப்பிட, அதுவே 'கேட்டி' ஆகிவிட்டது. மிசௌரி ஆற்றின் கரையை ஒட்டி ஓடிய அந்த ரயில் பாதையை 1986ம் ஆண்டு அக்டோபரில் வெள்ளம் புரட்டிப் போட்டது. 'இனி இதைச் சரிசெய்து லாபமில்லை' என்று கம்பெனி கைவிட்டது. அரசு அந்த நிலத்தை வாங்கி, தண்டவாளத்தைப் பெயர்த்து, சுண்ணாம்புக்கல் பொடியைக் கொட்டி அழுத்தி, நடைபாதை ஆக்கியது. 1990ல் முதல் பகுதி திறக்கப்பட்டது.

சும்மா நடக்கவில்லை இது. 'ரயில் போய்விட்டதென்றால் நிலம் எங்களுக்குத்தானே?' என்று பக்கத்து நிலக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கை கொடுத்தது, 1983ல் அந்த நாட்டில் வந்த ஒரு சட்டம். கைவிடப்பட்ட ரயில் பாதையைத் துண்டு போட்டு விற்காமல் நடைபாதையாக வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு ரயில் வேண்டுமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அந்தச் சட்டம். உண்டியலில் காசு போடுவது மாதிரி, பாதையைப் போட்டு வைப்பது!

ரயில் பாதையில் நடப்பதில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் சுலபமாக வழுக்கும். அதனால் ரயிலுக்குச் செங்குத்தான மேடு ஆகாது. பெரும்பாலும் 100 அடி போனால் 1 அடி ஏறும்; அவ்வளவுதான். திடீர் வளைவும் கிடையாது. பாட்டியும் நடக்கலாம், மூன்று சக்கர சைக்கிளும் ஓடும்.

இப்போது நம் காவிரி டெல்டாவுக்கு வாருங்கள். மிசௌரியில் வெள்ளம் வந்த அதே 1986ல், இங்கேயும் ஒரு ரயில் நின்றுபோனது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடிய மீட்டர்கேஜ் ரயில்!

அப்போது அந்த ஊர்களெல்லாம் தஞ்சாவூர் மாவட்டம். ரயில் என்றால் தஞ்சாவூர்க்காரர்களுக்கு அப்படி ஓர் ஆசை. மாவட்ட போர்டே மக்களிடம் ரயிலுக்காகத் தனி வரி வாங்கி, 1894ல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு ரயில் விட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். (மாயவரம் என்பது மயிலாடுதுறையின் பழைய பெயர்.) தரங்கம்பாடி கிளைப்பாதை 1926ல் வந்தது. நீளம் சுமார் 30 கிலோமீட்டர்.

வழியெல்லாம் கதைதான். மயிலாடுதுறையில் காவிரியிடம் 'டாட்டா' சொல்லிவிட்டு ரயில் கிளம்பும். காவிரி பூம்புகாருக்குப் போய்க் கடலில் சேரும்; ரயில் அதற்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவே, தரங்கம்பாடிக் கடற்கரைக்குப் போய்ச் சேரும். மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர் தாண்டினால் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்ய இன்றும் கூட்டம் கூட்டமாக வருகிறார்களே, அந்த ஊர்தான். அடுத்தது தில்லையாடி. தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, 1914ல் உயிர்விட்ட வள்ளியம்மையின் அம்மா ஊர். காந்தி 1915ல் இங்கு வந்தார். பாவம், அப்போது ரயில் இல்லை! பிறகு பொறையார். கடைசியில், டென்மார்க்காரர்கள் 1620ல் கோட்டை கட்டிய தரங்கம்பாடி.

மயிலாடுதுறையே கடல் மட்டத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரம்தான். 30 கிலோமீட்டர் நடந்தும் ஒரு மூன்று மாடி வீட்டு உயரம்தான் இறங்குவோம். நடப்பதற்கு இதைவிடச் சுகமான தடம் எங்கே கிடைக்கும்?

ஆனால், ரயில் நின்ற மேடு அப்படியே காத்துக்கொண்டிருக்காது. டெல்டாவில் வயல் தாழ்வு. அதனால் மண்ணைக் கொட்டி உயர்த்தித்தான் தண்டவாளம் போடுவார்கள். மழைத் தண்ணீர் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் போக, வாய்க்காலுக்கு வாய்க்கால் சின்னப் பாலம் இருக்கும். கவனிக்க ஆள் இல்லையென்றால் என்ன ஆகும்? மேட்டு மண் மழையில் கரையும். முள் மண்டும். பாலத்தின் கண் தூர்ந்துபோனால், ஐப்பசி அடைமழையில் சம்பா நாற்று தண்ணீரில் நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக யாராவது வேலி போட்டு வளைத்தால், அப்புறம் நடக்கவும் இடமில்லை, ரயிலுக்கும் இடமில்லை.

'போன ரயில் திரும்பி வருமா?' என்று சிரிக்காதீர்கள். நீடாமங்கலம்-மன்னார்குடி ரயில் 1976ல் நின்றது. 35 வருடம் கழித்து, 2011ல் அகலப்பாதையில் திரும்ப வந்தது! வேதாரண்யம் வழியாக உப்பு விளையும் அகஸ்தியம்பள்ளிக்கு ஓடிய ரயிலும் 2004ல் நின்று, 2023ல் மறுபடி ஓடத் தொடங்கியது. தரங்கம்பாடிக்கும் ரயில் வேண்டும் என்று அந்தப் பக்கத்து மக்கள் பல வருடமாகக் கேட்கிறார்கள்.

அதுவரை? என்னைக் கேட்டால், மிசௌரிக்காரர்களின் உண்டியல் யோசனை நமக்கும் பொருந்தும் என்பேன். தடம் மிச்சமிருக்கும் இடங்களில் முள்ளை வெட்டி, மண்ணை அணைத்து, பாலங்களைச் சரிசெய்தால் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகலாம். தினமும் நூறு பேர் நடக்கும் பாதையில் யாரும் சட்டென்று வேலி போட முடியாது. ரயில் வரும் நாளில், 'இந்தாருங்கள்' என்று கொடுத்துவிட்டால் போயிற்று. அகலப்பாதைக்கு மேட்டை இன்னும் அகலமாக்க வேண்டும், அது வேறு கதை.

மயிலாடுதுறைப் பக்கம் தாத்தா பாட்டி இருக்கும் குட்டீஸ், அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: அந்த ரயிலில் போயிருக்கிறார்களா? எந்த ஸ்டேஷனில் ஏறினார்கள், டிக்கெட் எவ்வளவு, ஜன்னலோரம் யார் உட்கார்ந்தது? சொல்லச் சொல்ல நோட்டில் எழுதி, ஸ்டேஷன் பெயர்களை வரிசையாகப் போட்டு ஒரு வரைபடம் வரைந்து பாருங்கள்.