கோலத்துக்குக் காவி, வளையலுக்கு ஓரம்!

"ஏம்மா, வளையலெல்லாம் தேய்ஞ்சு போன மாதிரி இருக்கே?" என்று என் பெண் கேட்டபோது எனக்குத் திக்கென்றது.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு. வருகிறவர்களுக்குக் கொடுக்கும் மஞ்சள் டப்பாக்களின் மேல் ஒட்ட, வளையல் வடிவத்தில் 60 ஸ்டிக்கர் வேண்டுமென்று அவள் அம்மா கேட்டிருந்தார். "வெளியில குடுத்தா அலைச்சல். நீதான் கம்ப்யூட்டர்ல என்னென்னவோ பண்றியே, நீயே பண்ணிக் குடும்மா" என்று பேசிய கூலியில் பாதியைக் கையிலும் திணித்துவிட்டார். வீட்டிலிருந்தபடி நான் சம்பாதிக்கப் போகும் முதல் பணம்! விசேஷத்துக்கு இரண்டே நாள். இங்கே நாலு தாள் அச்சடித்து, பாதி வெட்டியும் ஆகிவிட்டது.

நடந்தது இதுதான். எந்தப் படத்தையும் அதன் விளிம்பிலேயே கத்தரிப்பது கஷ்டம். மயிரிழை வெளியே போனால் வெள்ளை தெரியும். உள்ளே போனால் படம் குறையும். அதனால் சுற்றிலும் கொஞ்சம் ஓரம் விட்டு வெட்டுவார்கள். நானும் 3 மி.மீ. மஞ்சள் ஓரம் வைக்க நினைத்தேன். வெட்டும்போது முன்னே பின்னே போனாலும் டப்பாவின் மஞ்சளோடு கலந்துவிடும் அல்லவா?

அதற்கு என் மூளைக்கு எட்டியது சுலப வழி. வளையலை இன்னொரு பிரதி எடுத்து, மஞ்சளாக்கி, கொஞ்சம் பெரிதுபண்ணி அடியில் வைத்தேன். வெளிப்பக்கம் அழகாக ஓரம் வந்தது. உள்பக்கம் பார்க்கவே இல்லை!

கணக்குப் போட்டால் புரியும். என் வளையலின் வெளி அகலம் 5 செ.மீ., நடு ஓட்டை 4 செ.மீ. வெளியே 5.6 ஆக வேண்டுமென்று பெரிதாக்கினால், ஓட்டையும் கூடவே 4.48 ஆகிவிடும். வெளியே ஓரம் உண்டு. உள்ளே மஞ்சள் துளிகூட எட்டிப் பார்க்காது. அங்கே கத்தரி தடுமாறிய இடத்திலெல்லாம் வளையல் தேய்ந்தது. நீளமான பெயர்ச் சீட்டானாலும் இதே கதைதான். 10 செ.மீ. நீளம், 2 செ.மீ. உயரமுள்ள சீட்டை நூற்றுக்குப் பத்து பெரிதாக்கிப் பாருங்கள். இரு முனையிலும் 5 மி.மீ. ஓரம், மேலும் கீழும் 1 மி.மீ.தான் வரும்!

கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தபோது, தையல் மெஷின் மேல் கிடந்த ஜாக்கெட் பேப்பர் கண்ணில் பட்டது. கழுத்துக்குத் தையல் விடும்போது வெட்டும் கோட்டை எங்கே போடுகிறோம்? தைக்கும் கோட்டுக்கு உள்ளே, ஓட்டைப் பக்கமாகத்தானே? பேப்பரில் கழுத்து சிறுத்துத் தெரியும். தைத்து மடித்தால் சரியான அளவுக்கு வரும். பேப்பரையே பெரிதாக்கி வெட்டினால் கழுத்தும் அகன்று தோளைவிட்டு இறங்கிவிடும்.

கோலத்துக்குக் காவி இடுவதும் அப்படித்தான். காவிக்காக யாரும் பெரிய கோலம் ஒன்றைப் போடுவதில்லை. இழையை ஒட்டியே, வளைவுக்கு வளைவு, உள்ளும் புறமும் ஒரே இடைவெளி விட்டுக் காவி போகும். எனக்கு வேண்டியது இந்தக் காவிதான். பெண்ணிடம் சொன்னேன். "அதுக்குப் பேரு க்ரோ, அம்மா" என்று சிரித்தாள்.

நான் பயன்படுத்துவது கிம்ப் என்ற மென்பொருள். 1995-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் ஆரம்பித்தது, காசில்லாமல் கிடைக்கிறது. செய்முறை இதோ:

1. படத்தின் பின்னணி வெள்ளையை நீக்குங்கள். வளையலின் நடுவில் உள்ள வெள்ளையையும் மறக்காமல் நீக்க வேண்டும். அது இருந்தால் உள்ளே ஓரம் வராது. சுற்றிலும் இடம் போதாவிட்டால், இமேஜ் மெனுவில் கேன்வாஸ் சைஸைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

2. லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்சி, அதில் ஆல்ஃபா டு செலக்ஷன். வளையலின் உள்ளும் புறமும் எறும்பு ஊர்வதுபோலக் கோடு ஓடும்.

3. செலக்ட் மெனுவில் க்ரோ. எத்தனை புள்ளி என்று கேட்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்திருந்தால், 3 மி.மீ.க்கு 35 கொடுங்கள். எறும்புக் கோடு வெளியே விரியும், ஓட்டைக்குள் சுருங்கும். வெளியே 5.6, உள்ளே 3.4 செ.மீ.

4. புதிய லேயர் ஒன்றைத் திறந்து, வளையலுக்கு அடியில் நகர்த்தி, மஞ்சளை நிரப்புங்கள். பிறகு செலக்ட் மெனுவில் நன் கொடுத்தால் எறும்புகள் போய்விடும்.

அவ்வளவுதான்! நான் அரை நாள் மல்லுக்கட்டிய வேலை ஐந்தே நிமிஷத்தில் முடிந்தது.

இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். ஒரே லேயரில் பல படங்கள் இருந்தால், 3 மி.மீ. ஓரத்துக்கு நடுவில் 6 மி.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டும். குறைந்தால் ஓரங்கள் ஒட்டிக்கொள்ளும். குழந்தையின் பெயரை வெட்டும்போது மட்டும் இதுவே நன்மை. எழுத்துகள் நெருக்கமாக இருந்தால் பெயர் முழுதும் ஒரே துண்டாக வந்துவிடும். இன்னொன்று, கூர்மையான மூலைகள் க்ரோவில் கொஞ்சம் மழுங்கி உருண்டு வரும். கத்தரிக்கோலுக்கு அது சௌகரியம்தான்.

அளவை அடிக்கடி மாற்ற வேண்டியவர்களுக்கு இங்க்ஸ்கேப் என்று இன்னொரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் பாத் மெனுவில் லிங்க்டு ஆஃப்செட் என்று கொடுத்தால், மூலப் படத்தின் வடிவத்தைத் திருத்தும்போது ஓரமும் கூடவே திருந்திக்கொள்ளும்.

பாழான தாளுக்கும் அச்சுக் கூலிக்கும் என் கைக்காசு போனது. அதை எதிர்வீட்டில் சொல்லவில்லை. இரவு இரண்டாவது முறை அச்சடிக்கும் முன், ஒரே ஒரு வளையலை மட்டும் அச்சிட்டு, வெட்டி, டப்பாவில் ஒட்டிப் பார்த்தேன். முதல் தடவையே இதைச் செய்திருக்க வேண்டும். "சேம்பிள் பார்க்காம தைக்கிற டைலர் உண்டா?" என்று இவர் கேட்டபோது பதில் சொல்ல வாயில்லை!

வளைகாப்பன்று 60 டப்பாவும் தயார். எதிர்வீட்டம்மா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓரம் கடையில வெட்டின மாதிரி இருக்கே!" என்றபடி மீதிக் கூலியை நீட்டினார். கையில் வாங்கியபோது, போன நாலு தாள் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

சகோதரிகளே, ஜாக்கெட்டுக்குத் தையல் விடவும் கோலத்துக்குக் காவி இழுக்கவும் தெரிந்த உங்களுக்கு, இது புதுப் பாடமே இல்லை. கருவிதான் புதிது. துணிந்து உட்காருங்கள்!