ஆன் செய்தவுடன் கர்ர்ர்... எந்த எண்ணெய் விடுவது?

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் கேபினட்டுக்குள் இருந்து 'கர்ர்ர்' என்று சத்தம் வருகிறதா? இரண்டு மூன்று நிமிடத்தில் சத்தம் குறைந்து, பிறகு நாள் முழுக்க அமைதியாக ஓடுகிறதா? மறுநாள் காலையில் மீண்டும் அதே கதையா? அப்படியானால் உள்ளே ஏதோ ஒரு ஃபேனில் எண்ணெய் வற்றிக்கொண்டு வருகிறது என்று பொருள். ஒரு சொட்டு விட்டால் போதும். எந்த எண்ணெய், எந்த ஃபேனில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அதற்கு முன் ஒன்று. ஆன் செய்த ஓரிரு விநாடிகள் ஃபேன்கள் முழு வேகத்தில் 'உஸ்' என்று சுற்றிவிட்டு அடங்குவது பல மதர்போர்டுகளில் சகஜம். புதிதாக வாங்கியவர்கள் இதற்குப் பயந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ஆனால் 'டக்... டக்...' என்று தட்டுவது போல் கேட்டால் அது ஹார்டு டிஸ்க்காக இருக்கலாம். அப்போது எண்ணெயைத் தேடாதீர்கள். போட்டோக்களையும் முக்கியமான ஃபைல்களையும் உடனே வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். எஸ்எஸ்டி மட்டும் உள்ள கம்ப்யூட்டரில் இந்தக் கவலையே இல்லை.

லாரி ஆயில் விடலாமா?

நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் என் சித்தப்பா கேட்ட கேள்வி இது: "லாரிக்கு ஊத்துற இன்ஜின் ஆயில்லயே ஒரு சொட்டு விட்டா என்னப்பா?" (குடும்பத்தில் ஒருவன் சாஃப்ட்வேர் இன்ஜினியர் ஆகிவிட்டால், ஃபேன் சத்தம் வரை எல்லாவற்றுக்கும் அவனே பொறுப்பு.) நியாயமான கேள்விதான். ஏனென்றால் இரண்டிலும் நடப்பது கிட்டத்தட்ட ஒன்றே.

இரவு முழுக்க நிற்கும் லாரியில், இன்ஜினின் மேல் பாகங்களில் இருந்த ஆயில் வடிந்து அடியில் உள்ள சம்ப்புக்கு வந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்தால், பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும் வரை சில விநாடிகள் உலோகமும் உலோகமும் உரசும். 'டக டக' சத்தம் அந்த நேரத்தில்தான் அதிகம். குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தால் மேலே போய்ச் சேர இன்னும் தாமதமாகும். இதற்காகத்தான் ஆயில் டின்னில் 15டபிள்யூ-40 என்று இரண்டு எண்கள் போடுகிறார்கள். 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் சுலபமாக ஓடும். பின்னால் உள்ள எண், 100 டிகிரி சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் சத்தம் என்றால் முதல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் மேனுவலில் சொல்லியிருக்கும் கிரேடுகளுக்குள்.

இப்போது ஃபேனுக்கு வருவோம். விலை குறைந்த ஃபேன்களில் இருப்பது ஸ்லீவ் பேரிங். வெண்கலத் தூளை அழுத்திச் சூடேற்றிச் செய்த சின்ன புஷ் அது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது. அந்தத் துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும். ஃபேன் ஓடிச் சூடானால் எண்ணெய் வெளியே கசிந்து தண்டைச் சுற்றிப் படரும். நின்று ஆறினால் துளைகள் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் நிறைய இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வற்றத் தொடங்கியதும், காலையில் தண்டைச் சுற்றி ஒன்றும் இருக்காது. தண்டு புஷ்ஷுக்குள் ஆடி அதிரும். அதுதான் அந்தக் கர்ர்ர். சூடேறி, மிச்சமிருக்கும் எண்ணெய் வெளியே வந்ததும் சத்தம் அடங்கிவிடுகிறது.

சரி, சித்தப்பாவின் ஆயில்? லாரியின் ஸ்டார்ட்டர் மோட்டார் சில கிலோவாட் சக்தி உள்ளது. நம் ஃபேன் 12 வோல்ட்டில் ஓடும் ஒன்றிரண்டு வாட் பொடியன். 40 டிகிரியில் அளந்தால் 15டபிள்யூ-40 ஆயிலின் கெட்டித்தன்மை 100 சென்டிஸ்டோக்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும். தையல் மெஷின் ஆயில் பொதுவாக 10 முதல் 22-க்குள். இன்ஜின் ஆயிலில் ஃபேன் ஓடவே ஓடாது என்று சொல்லமாட்டேன், ஓடும். ஆனால் குளிர்ந்த நேரத்தில் திணறித்தான் கிளம்பும். அந்த நேரத்துச் சத்தத்தைத்தானே நாம் ஒழிக்கப் பார்க்கிறோம்? பயாஸ் எதிர்பார்க்கும் வேகம் வராவிட்டால் 'சிபியூ ஃபேன் எரர்' என்ற செய்தியும் வந்து நிற்கும்.

என் ஓட்டு தையல் மெஷின் ஆயிலுக்கு. மெல்லியது, எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலில் வெள்ளையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நல்லெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்கள் காற்றுப்பட்டுப் பிசினாகும். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், புரியும். பலரும் எடுப்பது டபிள்யூடி-40 ஸ்பிரே. 1953-ல் அமெரிக்காவில், உலோகத்தில் ஈரம் படாமல் துருவைத் தடுப்பதற்காக உருவாக்கிய கலவை அது. அதில் பெரும்பகுதி சீக்கிரம் ஆவியாகும் கரைப்பான். அடித்தவுடன் சத்தம் நிற்கும், சந்தோஷமாக இருக்கும். மீதமிருந்த நல்ல எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போய்விடுவதால், சில நாளில் முன்னைவிட அதிகமாகக் கத்தும்.

எந்த ஃபேன் என்று கண்டுபிடிக்க

லாரி மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை இன்ஜின் மேல் வைத்துப் பிடியில் காதை வைத்துக் கேட்பார். நமக்கு ஒரு செய்தித்தாள் போதும். நீளமாகக் குழல் போல் சுருட்டி, இறக்கைகளில் படாமல் ஒவ்வொரு ஃபேனுக்கும் அருகே காட்டி மறுமுனையில் காதை வையுங்கள். ஏதாவது ஒயர் இறக்கையில் உரசுகிறதா என்றும் பாருங்கள். சில வீடுகளில் வைத்தியம் அத்தோடு முடிந்துவிடும்.

சத்தம் பவர் சப்ளை பெட்டியில் இருந்து வந்தால் அதைத் திறக்காதீர்கள். இதில் மட்டும் நான் கண்டிப்பு. 230 வோல்ட் கரண்ட்டை டிசியாக மாற்றும்போது உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் சேர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்காது. தொட்டால் உயிருக்கே ஆபத்து. பெட்டியை அப்படியே மாற்றுங்கள். அதேபோல் வாரன்டி உள்ள கம்ப்யூட்டரையும் திறக்காமல் விற்றவரிடமே காட்டுங்கள்.

மற்ற ஃபேன்கள் என்றால், ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபேனை மட்டும் கழற்றுங்கள். சிபியூ ஃபேனில், கீழே உள்ள ஹீட் சிங்க்கை அசைக்காதீர்கள். அசைத்தால் தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போட வேண்டிவரும். பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, நடுவில் உள்ள ஸ்டிக்கரை உரித்தால் தண்டின் முனை தெரியும். சிலவற்றில் சிறிய ரப்பர் மூடி இருக்கும். கறுப்புப் பிசுக்கைப் பஞ்சால் துடைத்து, ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு. கையால் சுற்றிவிட்டு, வழிந்ததைத் துடைத்து மூடுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டாது, ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளலாம். ஸ்டிக்கருக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் மூடியிருந்தால் அது சீல் செய்த வகை, துளை போட முயலாதீர்கள். பால் பேரிங் ஃபேன் கத்தினால் குண்டுகள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். அங்கே எண்ணெய்க்கு வேலை இல்லை. லேப்டாப் ஃபேனையும் சர்வீஸ் சென்டருக்கே விட்டுவிடுங்கள்.

சத்தம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டால்? 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணைய இதழ், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களில் ஹீட் சிங்க்கையே கழற்றிச் சோதித்தது. ஏஎம்டி அத்லான் புகைந்து கருகியது. பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. இன்றைய ப்ராசசர்கள் எல்லாம் பென்டியம் 4 வழிதான், கருகுவது அபூர்வம். ஆனால் ஃபேன் நின்றால் கம்ப்யூட்டர் நத்தையாக ஊரும், அல்லது பாதி வேலையில் ஆஃப் ஆகும். சேவ் செய்யாத ஃபைல் போனது போனதுதான்.

எண்ணெய் விட்ட ஃபேன் சில மாதங்கள் அமைதியாக ஓடும். சத்தம் திரும்பி வந்தால் புஷ்ஷே தேய்ந்துவிட்டது, புது ஃபேன் வாங்கிவிடுங்கள். சில நூறு ரூபாய்தான். கடைக்குப் போகும்போது பழைய ஃபேனைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 80, 92, 120 மில்லிமீட்டர் என்று அளவுகள் உண்டு, கனெக்டரிலும் மூன்று பின், நான்கு பின் என இரண்டு வகை உண்டு.