முகிற் கணிமையில் வகைவரையறை: வடிவமும் பொறுப்பும்

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு வகைப்பாடு புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரம், கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே உயர்திணை, அஃறிணை எனும் பாகுபாட்டை வகுத்துக்கொண்டு சொல் வழுக்களை ஆராய்கின்றது. ‘குதிரை வந்தான்’ என்பது வழு; ‘குதிரை வந்தது’ என்பது வழாநிலை. ஆயினும் குதிரை உண்மையில் வந்ததா என்பதை இலக்கணம் கூறுவதில்லை. கணினியியலார் வழங்கும் வகைவரையறையும் இத்தன்மையதே. அதன் பயனையும் எல்லையையும் இலங்கையின் அண்மைக்கால அனுபவமொன்றினூடாக விளக்குவதே எமது நோக்கமாகும்.

பிறருக்குரிய கணினிகளை வலையமைப்பு வழியே வாடகைக்குப் பயன்படுத்தும் முறையே முகிற் கணிமை. அதிற் பெறப்படும் வழங்கி, தரவுத்தளம் முதலியன ‘வளங்கள்’ எனப்படும். முன்பு ஒவ்வொன்றாகக் கையால் அமைக்கப்பட்ட இவ்வளங்களை இன்று எழுத்துவடிவில் விவரித்து உருவாக்குகின்றனர். 2014இல் வெளிவந்த டெராபோர்ம் இதற்குப் பெரிதும் பயன்படும் கருவியாகும். இன்ன இடத்தில் எழுத்துத்தொடர், இன்ன இடத்தில் எண், இன்ன இடத்தில் ஆம் அல்லது இல்லை என ஒவ்வொரு வளத்துக்கும் வகை வரையறுக்கப்பட்டுள்ளது. எண் நிற்கவேண்டிய இடத்தில் ‘நிறைய’ என எழுதினால், வளம் உருவாகுமுன்னரே வழு சுட்டப்படும். இது பெரும்பயனே.

எனினும் ஓர் உதாரணத்தை நோக்குவோம். அமேசன் நிறுவனத்தின் தரவுத்தளமொன்றை டெராபோர்மில் விவரிக்கும்போது, காப்புப் படிகளை எத்தனை நாள் பேணவேண்டும் என்பதற்கு 0 முதல் 35 வரையான எண்ணை இடலாம். எதுவும் எழுதாவிடின் 0 என்றே கொள்ளப்படும். அதாவது, தானியங்கிக் காப்புப்படி எடுக்கப்படமாட்டாது. 0 என்பதும் எண்ணே; ஆதலால் வகைச்சோதனை அதனைத் தடுப்பதில்லை.

இனி எமது நாட்டு நிகழ்ச்சிக்கு வருவோம். 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நிறுவப்பட்ட தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம், ஹெவ்லொக் டவுன் அடங்கும் கொழும்பு 5 அஞ்சல் வட்டாரத்தில், கிரிமண்டல மாவத்தையில் நீண்டகாலம் இயங்கியது. அதன் பொறுப்பிலிருந்த இலங்கை அரசாங்க முகிலின் மின்னஞ்சற் பகுதி, 2023 ஆகஸ்டில் கப்பங்கோரும் மென்பொருளின் தாக்குதலுக்குள்ளாயிற்று. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச அஞ்சல்கள் அழிந்தன. அக்காலப்பகுதிக்குரிய காப்புப்படி வேறிடத்தில் தனித்து வைக்கப்பட்டிருக்கவில்லை. பழைய மென்பொருளைப் புதுப்பிக்கும் முயற்சி நிதிப் பற்றாக்குறையாலும் நிருவாகத் தீர்மானங்களாலும் பிற்போடப்பட்டதென அந்நிலையமே அப்போது தெரிவித்தது. இது வகைவழுவால் விளைந்த கேடன்று. நிதி எதற்கு ஒதுக்கப்படுகின்றது, தீர்மானிக்கும் அதிகாரம் எவரிடமுள்ளது எனும் சமூக உறவுகளே இதன் அடிப்படை.

அங்ஙனமாயின் வகைவரையறை பயனற்றதா? அன்று. டெராபோர்மிலேயே, பயன்படுத்துவோர் தமக்கான நிபந்தனைகளை எழுதிச் சேர்க்கலாம். ‘0 ஏற்கப்படாது’ என ஒரு வரி எழுதப்படுமாயின், காப்புப்படி தேவையா எனும் தீர்மானம் தனியொரு ஊழியரின் ஞாபகத்தை நம்பியிராது, எல்லோர்க்கும் பொதுவான விதியாகிவிடும். அவ்வரி எழுதப்படவேண்டும் என்று கோருவது கணினியியலாரின் கடமை மட்டுமன்று. பிறப்புப் பதிவும் காணிப் பதிவும் கணினிக்குள் சென்றுகொண்டிருக்கும் நாட்டில், அவை அழிந்தால் முதலில் அலைக்கழிக்கப்படுவோர் வேறு சான்று எதுவுமற்ற உழைக்கும் மக்களே. எனவே பொதுத் தரவுகளுக்கான வரையறைகளை மக்கள் வாசித்து வினவக்கூடிய பொது ஆவணங்களாக்குதல் வேண்டும் என்பதே எமது துணிபாகும்.