உங்களுக்குத் தெரியுமா? ஒரே சேதம், வேறு வேறு உதவி

2005 ஆகஸ்ட் 29. கத்ரீனா புயலில் வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்து, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஐந்தில் நான்கு பங்கு மூழ்கியது. தேடுதல் குழுவினர் வீடு வீடாகப் போய், வாசல் பக்கம் ஸ்பிரே பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டார்கள். குறிக்கு மேலே தேதி. கீழே, உள்ளே கண்டெடுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை. வீட்டைப் புதுப்பித்த பிறகும் அந்தக் குறியை அழிக்க மனம் வராமல் வைத்திருப்பவர்கள் உண்டு.

தண்ணீர் சில வாரங்களில் வடிந்துவிட்டது. வீடு திரும்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. ‘ரோட் ஹோம்’ என்ற அரசுத் திட்டத்தில் அதிகபட்ச உதவி 1,50,000 டாலர். ஆனால் புயலுக்கு முன் வீட்டின் சந்தை மதிப்பு, பழுதுபார்க்கும் செலவு இரண்டில் எது குறைவோ, அதை வைத்தே கணக்கிட்டார்கள். மரமும் ஆணியும் எல்லாத் தெருவுக்கும் ஒரே விலைதானே! கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் வீட்டு மதிப்பு குறைவு என்பதால் கிடைத்த பணமும் குறைந்தது. இது அப்பட்டமான அநியாயம். பாதிக்கப்பட்ட வீட்டுக்காரர்கள் 2008இல் வழக்குத் தொடுத்தார்கள். 2011இல் சமரசம் ஆனது.

தாத்தா கட்டிய வீட்டில் பத்திரத்தில் பெயர் மாற்றாமலே குடியிருந்த குடும்பங்கள், உரிமையை நிரூபிக்க முடியாமல் உதவிக்கு அலைந்தன.

உங்கள் வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? இன்றே எடுத்துப் பாருங்கள்.