கொட்டிலில் கிடப்பது பழைய இரும்பா?

சகோதரியே, உங்கள் வீட்டுப் பின்வளவிலும் மூத்தவாப்பாவின் கார் ஒன்று தறப்பாள் மூடிக் கிடக்கிறதா? "பழைய இரும்பு விலைக்குத் தாறீங்களா?" என்று கேட்டு யாரேனும் வாசலில் வந்து நிற்கிறாரா? சற்றுப் பொறுங்கள்.

அமெரிக்காவில் பழைய கார் சேர்ப்போர் ஃபோர்ட் மஸ்டாங்கா, செவர்லே கமாரோவா என்று வாதாடுவார்கள். நம் நாட்டில் அந்த வாதம் பெரும்பாலும் மொரிஸ் மைனருக்கும் வொக்ஸ்வேகன் பீட்டிலுக்கும் இடையில்தான்.

மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். கம்பனி முதலாளிக்கு அதன் உருவம் பிடிக்கவில்லை. ஓடுடைத்து வெந்நீரில் அவித்த முட்டை போல இருக்கிறது என்றாராம்! அந்த முட்டைதான் பத்து இலட்சத்தைத் தாண்டி விற்ற முதல் பிரித்தானியக் கார். பீட்டிலோ இரண்டு கோடிக்கும் மேல். 2003 வரை மெக்சிகோவில் செய்தார்கள்.

ஓட்டத்தில் எது மேல்? வேகத்தில் பெரிய வித்தியாசமில்லை. 1956இல் வந்த 948 சி.சி. மைனருக்கு 37 குதிரைவலு; 1200 பீட்டிலுக்கு 34. இரண்டும் மணிக்கு 115 கிலோமீற்றர் அளவில் மூச்சு வாங்கிவிடும். வளைவில் மைனர் சொன்ன சொல் கேட்கும். ஆனால் கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புக்கு வெயிலில் போகும்போது பீட்டிலுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை. அதன் எஞ்சின் காற்றினாலேயே குளிரும். பிள்ளைகளோடு தூரப் பயணம் என்றால் என் தெரிவு பீட்டில்தான்.

உப்புவெளி என்ற பெயரிலேயே நம் எதிரி இருக்கிறான். கடற்காற்றுக் கறள் மேலே தெரியாது, அடியில்தான் தின்னும். மைனருக்குத் தனிச் சட்டமில்லை, உடலே சட்டம். அதனால் கதவடிப் பகுதியும் பின் வில் பூட்டியிருக்கும் இடமும் உக்கினால் செலவு பெரிது. பீட்டிலில் பின் இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். பற்றரி இருக்கும் தளம் முதலில் ஓட்டையாகும். மைனரின் முன் சக்கரப் பூட்டுக்குக் கிரீஸ் வைக்காமல் விட்டால், ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். கொட்டிலிலிருந்து எடுத்த உடனே ஓட்ட விடாதீர்கள்.

விலை மதிப்பு அடையாளங்களில் இருக்கிறது. மைனரின் முன்கண்ணாடி நடுவில் பிரிந்திருந்தால் அது 1956க்கு முந்தியது. பீட்டிலின் பின்கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருந்தால் 1953க்கு முந்தியது. சேர்ப்போர் தேடித் திரிவது அதைத்தான். இலக்கத்தகட்டில் ஸ்ரீ எழுத்தில்லாமல் ஆங்கில எழுத்துகள் இருந்தால், 1958க்கு முன் பதிவான காராக இருக்கலாம். பதிவுப் புத்தகமும், அதிலுள்ள எஞ்சின், செஸி இலக்கங்களும் பொருந்தினால் மதிப்பு இன்னும் கூடும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் ஓடக்கூடிய எந்தக் காருக்கும் கிராக்கி வந்ததை நீங்களே கண்டிருப்பீர்கள்.

இதையெல்லாம் பெண்களுக்கு ஏன் எழுதுகிறேன்? சொத்துப் பிரிக்கும்போது வீடு, வளவு, நகை எல்லாம் கணக்கில் வரும். கார் மட்டும் "காக்கா எடுக்கட்டும்" என்று போய்விடும். உம்மாவின் எட்டில் ஒன்றும், பெண்மக்களின் பங்கும் அதிலும் உண்டு. எனவே பிரிக்குமுன் இரண்டு கராஜ்காரர்களிடம் தனித்தனியே விலை கேளுங்கள். பதிவுப் புத்தகத்தை யார் கையிலும் கொடுத்துவிடாமல் உங்கள் அலுமாரியிலேயே வைத்திருங்கள்.